குடிக்காத தண்ணீர்

அக்கா,

இந்த வாரம் மூன்றாவது முறையாக மகளின் தண்ணீர்ப் போத்தல் பாலர் பள்ளியிலிருந்து நிறைந்தபடியே திரும்பி வந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "அடிக்கடி ஒண்ணுக்குப் போனா டீச்சர் ஏசுவாங்கம்மா" என்றாள். தண்ணீரைக் கொட்டப் போனவள், கொட்ட முடியாமல் நின்றேன்.

உங்கள் போத்தலும் இப்படித்தான் மாலைவரை நிறைந்தே இருக்கும். கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில் நாம் வேலை செய்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. பன்னிரண்டு மணி நேர வேலை, அடுப்பருகே நிற்பதுபோல் வெக்கை. நீங்கள் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் வரிசையில். நான் டிப்ளோமாவோடு வந்த சூப்பர்வைசர். ஆட்களைக் குறைத்து டார்கெட்டை ஏற்றிய மேனேஜர், வேலை பிந்துவதற்கு டாய்லட்தான் காரணம் என்றார். வரிசைக்கு ஒரே ஓர் அட்டை, அதைக் கழுத்தில் மாட்டியவர் மட்டும் போகலாம் என்று யோசனை சொன்னது நான். அவர் பாராட்டினார். பெருமையாக இருந்தது, அக்கா. இதை எழுதக் கை கூசுகிறது.

யோசனை யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில், "இதக் கண்டுபிடிச்சவன் வீட்டு டாய்லட் அடைச்சிக்கணும்லா" என்றீர்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

பிறகு இவள் என் வயிற்றில் வந்தாள். அட்டை விதி எல்லோருக்கும்தான் என்று மேனேஜர் என்னையும் சேர்த்துவிட்டார். உங்கள் முறை வரும்போதெல்லாம் அட்டையை என் கழுத்தில் மாட்டிவிடுவீர்கள். "நீ போ தங்கச்சி. நான்தான் தண்ணியே குடிக்கிறதில்லையே." விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். போத்தல் என் கண்ணெதிரில்தானே இருந்தது.

உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். அட்டை என் யோசனைதான் என்று சொல்லிவிடத்தான் மருத்துவமனைக்கு வந்தேன். நீங்களோ, பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்று கேட்டீர்கள். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அடுத்த மாதம் நீங்கள் இல்லை. அட்டையால் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

இன்று காலை டீச்சரைப் பார்த்தேன். சின்னப் பெண், தனியாளாக முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறாள். என்ன நினைப்பாளோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு போனவள், "தண்ணி குடிக்கட்டும் டீச்சர். கேட்டா அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மகளின் போத்தல் இன்று காலியாக வந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அந்த மேனேஜரிடம் இதே வார்த்தையை நான் ஒருநாளும் சொல்லிப் பார்க்கவில்லை, அக்கா.