ஜோடியைப் பிரித்தவள்

நெரவி,
ஐப்பசி, 1982.

அன்பு மகள் நீலாயதாட்சிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தப் பிரான்சு தேசத்து மார்செய் குளிரில் சுகமாக இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். சம்பா நடவு முடிந்துவிட்டது, மழைதான் விட்டபாடில்லை. அப்பாவுக்கு முட்டி வலி, தைலம் தேய்த்தால் கேட்கிறது, தேய்த்துக்கொள்ளத்தான் சோம்பல். சோமுவுக்குக் கோட்டுச்சேரியில் பெண் பார்த்தீர்களே என்னம்மா ஆச்சு என்று போன கடிதத்திலும் கேட்டாய் அதற்கு முந்தியதிலும் கேட்டாய். வெட்கம் பிடுங்கித் தின்றது, எழுதவில்லை. இப்போது எழுதாமல் முடியாது.

உன் தம்பி சோமசேகரன் சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அது அவனுக்குப் பொழுதுபோக்கு, உத்தியோகம் ரசிகர் மன்றச் செயலாளர். மன்றம் என்றால் கடைத்தெருவில் டீ குடிக்கிற அரை டஜன் தடியர்கள், தலைவர் பெட்டிக்கடை மருதையன். அவர்களுடைய நடிகர் பேரை எழுதி என் பேனாவைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். அவரோடு ஒருத்தி படத்துக்குப் படம் ஜோடியாக வந்தாள், அவளைப் பழையவள் என்று வைத்துக்கொள். இந்த வருஷப் படத்தில் வேறொருத்தியைச் சேர்த்து, கடைசியில் அவரை அவளுக்கே கட்டிவைத்துவிட்டார்கள். இவர்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த நடிகரும் பழையவளும் நிஜத்தில் ஆளுக்கொரு குடும்பம் பிள்ளை குட்டி என்று இருக்கிறார்கள், இவர்கள் என்னவோ முன்னால் நின்று தாலி எடுத்துக் கொடுத்தது போலத் துடிக்கிறார்கள். புதியவளுக்குப் பல் எடுப்பாம், சிரிப்பு அடக்கமில்லையாம், குடும்பப் பாங்கு இல்லையாம். தியேட்டர் வாசலில் அவள் படத்தின் மேல் சாணி கரைத்து ஊற்றினார்கள், வாளியைத் தூக்கிப் போனது நான் பெற்ற பிள்ளை, அதுவும் நம் வீட்டு வாளி.

அப்படி என்ன பாவம் செய்தாள் என்று அடுத்த தெரு நபீசாவை அழைத்துக்கொண்டு நானே போய்ப் பார்த்தேன். கதையில் பழையவள் பணக்காரனை நம்பி இவரை விட்டுப் போகிறாள், திரும்பி வந்து பொய் மேல் பொய் சொல்கிறாள், அவள் சாகும்போது ஆண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தத்தில் வசனமே கேட்கவில்லை. புதியவள் அவருடைய அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுகிறாள், அதற்கு ஒருவன் கண்ணிலும் ஈரம் இல்லை. அவர் குடித்துவிட்டு வந்து கையைப் பிடித்து இழுக்கும்போது ஓங்கி ஓர் அறை விட்டாள், அதுதான் பெரிய குற்றம். ஒரே விசில், ஒரே கூச்சல், செருப்பு பறக்கிறது. நபீசா என் காதில், ஏன் வடிவு, நானா இருந்தா அந்தச் செருப்பாலயே அடிச்சிருப்பேன் என்றாள்.

இந்த லட்சணத்தில்தான் பெண் பார்க்கப் போனோம். பெண் பேர் அபயாம்பாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர், நல்ல நிறம் நல்ல உயரம் என்றெல்லாம் அளக்க மாட்டேன், பேசிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அப்பாவிடம் நெல் விலை கேட்கிறாள், என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்கிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள். முன்பல் கொஞ்சம் எடுப்புதான், அதற்கென்ன? அழைக்காமலே கூட வந்திருந்த மருதையன் சோமு காதில் என்னவோ ஊதினான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே, வேணாம்மா, அந்தப் பொண்ணு அப்படியே புதுசா வந்தவ மாதிரி இருக்கு, ஜோடியப் பிரிச்சவ மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் மன்றத்துல எப்படித் தலை நிமிர்றது என்கிறான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா வழக்கம்போல, ஜாதகம் சேரலன்னு சொல்லிடுவோம் வடிவு, யாருக்கும் மனசு நோவாது என்றார். ஒரு முட்டாள் பிழைக்க அந்தப் பெண் தலையில் தோஷம் கட்டுவதா, நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள் என்று கேட்டேன்.

மறுநாளே அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் போனேன். அவள் அப்பா அம்மா எதிரில், உன் வாயாலயே சொல்லுடா என்று நிறுத்தினேன். தரையைப் பார்த்துக்கொண்டு திக்கித் திக்கிச் சொன்னான். அவள் அப்பா முகம் கறுத்துவிட்டது. உள்ளேயிருந்து அபயாம்பாளே வந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நானும் அந்தப் படம் பாத்தேங்க, கடைசியில உங்க தலைவரு அவங்களத்தானே கட்டிக்கிறாரு, அவருக்கே பிடிச்சது உங்களுக்கு ஏங்க பிடிக்கல என்று அமைதியாகக் கேட்டாள். இவன் வாய் பிளந்து நிற்கிறான் நீலா, இத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்தவனுக்கு அது தோன்றவே இல்லை. அப்புறம் அவள் என் பக்கம் திரும்பி, நீங்க உண்மையச் சொன்னீங்க பாருங்க அம்மா, அது போதும் என்று என் கையைப் பிடித்தாள்.

ஆவணி பிறந்ததும் உன் தம்பி துரைக்கு மனசு மாறிவிட்டது. தியேட்டரில் படம் மாறிவிட்டதல்லவா, அந்த நடிகர் வேறொருத்தியோடு ஆடுகிறார், இப்போது அந்த ஜோடிதான் உசத்தி என்று மருதையன் தட்டி எழுதி வைத்திருக்கிறான். அம்மா, அந்தக் கோட்டுச்சேரிப் பொண்ண இன்னொரு தடவ கேட்டுப் பாரேன் என்று வந்து நின்றான். எனக்கே ஆசை விடவில்லை, மானத்தைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போனேன். காப்பி கொடுத்தாள், உட்காரவைத்தாள். நீங்க எப்ப வேணா வாங்க அம்மா, அவரு வேணாம் என்று சொல்லிவிட்டாள். வரும் வழியெல்லாம் அழுதேன், ஆனால் அவள் சொன்னதுதான் சரி. சோமு ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான், மூன்றாம் நாள் வாளியைத் தேய்த்துக் கழுவி வைத்தான். மன்றத்துக்கு இப்போது போவதில்லை, அதற்காக அவனை மெச்சி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீயும் எழுதாதே.

போன வாரம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பேர் நீலமேகம், உன் வீட்டுக்காரர் மாதிரியே பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், சொல்தா, உங்கள் மார்செயில்தான் இருக்கிறாராம். தையில் அவள் அங்கே வருகிறாள். பாஷை தெரியாது, குளிர் தெரியாது, ஒரு முகம் தெரியாது. இதற்காகத்தான் இந்தக் கடிதம். விமான நிலையத்துக்கு நீயே போ, கம்பளிச் சட்டை ஒன்று கையில் கொண்டுபோ. முதல் நாள் சோறு உன் வீட்டில் போடு, ரசம் வை. இங்கே இந்த வீட்டில் நான் அவளுக்குச் செய்திருக்க வேண்டியது நிறைய இருந்தது, அதையெல்லாம் நீ அங்கே செய்.

தீர்க்காயுசாக, தீர்க்க சுமங்கலியாக இரு. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. அவள் வந்து சேர்ந்ததும் தந்தி கொடு, மறக்காதே.

உன் அம்மா,
வடிவாம்பாள்.