வெறும் சஹனைத் துடைத்த கதை

அன்பு மகள் பஹ்மாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளையும் தோஹாவில் வெயிலுக்குத் தப்பிச் சுகமாக இருக்க அல்லாஹ் துணை. இங்கே உன் உம்மா, ஆடு, கோழி எல்லாரும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் நீ கேட்டதும் நல்லம் மகள் என்று வாய் தானாகவே சொல்லிவிடுகிறது, பேனாவுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

எனக்குக் கொரோனா வந்து போய் மாதக்கணக்காகிறது, அது விட்ட களைப்பு மட்டும் போகவில்லை. வெங்காயத் தோட்டத்தில் வரம்பில் குந்தியிருந்தால் எழும்ப ஏலாது. மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்ணும் திறப்பைக் காணவில்லை என்று உம்மாவோடு சண்டை பிடித்தேன், அது பிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது, வைத்தது நான்தான். காரணமில்லாமல் அழுகை வரும். ஆம்பிளை அழுவது வெளியே கேட்கக்கூடாது என்று குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதால், தண்ணீர் வீணாகுது என்று உம்மா கதவைத் தட்டுவா. இனி நான் யாருக்கும் பிரயோசனமில்லாத ஆள் என்றே நினைத்துவிட்டேன் மகள். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதுக்குப் போனால் எழும்புவது பெரும்பாடு. பின்வரிசையில் கதிரையில் இருந்து தொழலாம், ஆனால் அது பல்லுப் போனவர்களின் இடம் என்பது என் எண்ணம், வெட்கத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே போகாமல் விட்டேன்.

நம் குறிஞ்சிப்பிட்டியில் ஒருவன் பள்ளிவாசலுக்கு வராவிட்டால் சுகமில்லை என்றா நினைப்பார்கள், நிர்வாகத்தோடு கோபம் என்றுதான் நினைப்பார்கள். பள்ளிவாசல் செயலாளர் அத்தாஉல்லா நாநா இரண்டு பேரோடு வந்து என்ன மனஸ்தாபம் என்று விசாரித்தார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, போன கந்தூரிச் சாப்பாட்டில் என் சஹன் தட்டில் இறைச்சியைவிட எலும்புதான் கூட என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மூன்று பேரும் தாடியைத் தடவி யோசித்தார்கள். மறுநாள் பகல் சமாதானம் பேச ஒரு சஹன் நிறையச் சோறும் மாட்டிறைச்சியும் கொண்டு வந்துவிட்டார்கள், மருந்துக்கும் எலும்பில்லை.

பாய் விரித்து எல்லாரும் ஒரே சஹனைச் சுற்றியிருந்து சாப்பிட்டோம். கை கழுவ எழும்பும் நேரம் எனக்கு எழும்ப முடியவில்லை. இன்னும் பசிக்கிறவன் போல வெறும் சஹனைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லையாக்கும், இன்னொரு சஹன் கொண்டு வருவோமா என்று நின்ற இருவரும் ஆளையாள் கேட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, அவருக்குக் கோபமுமில்லை பசியுமில்லை, எழும்பத்தான் ஏலாது என்று போட்டு உடைத்துவிட்டா. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், எதிரே அத்தாஉல்லா நாநாவும் எழும்பவில்லை. குனிந்தபடி சொன்னார்: "தம்பி, எனக்கும் அந்தக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பொறகு இப்படித்தான். பைத்தியம் புடிக்கப் போகுதோண்டு பயந்துபோய் இருந்தன்."

எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். வெங்காய மூட்டை தூக்குவதுபோல எங்கள் இரண்டு பேரையும் தூக்கிவிட்டார்கள். பிறகு இருவரும் டொக்டரிடம் போனோம். உன் வயதுப் பெண்பிள்ளைதான் டொக்டர். அவ, இது சோம்பலுமில்லை பைத்தியமுமில்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது, உடம்போடு மனமும் களைத்துப்போகும், களைக்கும் முன்பே ஓய்வெடுங்கள், மனதில் உள்ளதை யாரிடமாவது கதையுங்கள் என்று சொன்னா. உம்மா அதையே எத்தனை தரம் சொன்னா, ஆனால் ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொண்டு சொல்லவில்லையே. இப்போது பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாநா வந்து என்னோடு கதைக்கிறார், பாதிக் கதையில் யாராவது ஒருவர் தூங்கிவிடுவோம், மற்றவர் குறை நினைப்பதில்லை. ஜும்ஆவுக்கு இருவரும் கதிரையில் இருந்தோம். அடுத்த கிழமை கோபக்காரர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த இன்னும் சிலர் மெல்ல வந்து கதிரை கேட்டார்கள், நிர்வாகம் கலியாண வீட்டுக் கதிரை எடுக்க ஓடுகிறது. களைப்பு இன்னும் இருக்கிறது மகள், பயம்தான் குறைந்திருக்கிறது.

அல்லாஹ் உங்களுக்கு ஆரோக்கியமும் பரக்கத்தும் தருவானாக. பிள்ளைக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. நீயும் அங்கே ஓர் அறையில் தனியே அந்தக் காய்ச்சலில் கிடந்து எழும்பினவள். நல்லம் வாப்பா என்று நீ போனில் சொல்கிற விதம் அப்படியே என்னைப் போல இருக்கிறது என்று உம்மா சொல்கிறா. இனி நான் கேட்டால் உள்ளதைச் சொல்லு மகள், நான் பயப்பட மாட்டேன்.

உன் வாப்பா,
ஸலாஹுதீன்