சர்க்கரைத் தண்ணீரில் எரிந்த பல்பு

24-8-1954, செவ்வாய்.

இன்று மானம் தப்பியது. வகுப்பில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்க, உப்புத் தண்ணீரில் பல்போடு இணைத்த கம்பிகளை விட்டேன். பல்பு எரிந்தது. உப்பில் சோடியம் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது, இரண்டும் மின்னேற்றத்தோடு தண்ணீரில் பிரிகின்றன என்றேன். "சர்க்கரையில அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கு வச்சுக்கும் மக்கா. மின்னேற்றம் கிடையாது, பல்பு எரியாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கம்பிகளைச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டேன்.

அதிலும் பல்பு மங்கலாக எரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நான் தண்ணீர் மொண்ட பானையிலிருந்து ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "என்ன சாரே, ஒங்க கிணத்துத் தண்ணியே உப்பா இருக்கே!"

இந்தக் கடற்கரை ஊரில் ஐந்து வருடம் அதையே குடித்த என் நாக்குக்கு உப்பு தெரியவில்லை. முற்றத்து வாளியில் நேற்றைய மழைத்தண்ணீர் இருந்தது. அதில் சர்க்கரையைக் கரைத்தேன். பல்பு எரியவில்லை.

பல்பு எரியாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.