கற்பூரத்தில் செய்த டப்பி

1938 ஆகஸ்ட் 3
அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து மலைமேல் என் மருந்துக் கொட்டகைக்குத் தலைச்சுமையாக இரண்டு பெட்டிகள் வந்தன. மருந்து என்று ஆசையாகத் திறந்தால், முந்நூறு காலி டப்பிகள்! செல்லுலாய்டாம். விரல் நீளம், திருகுமூடி. இனிக் குளிர்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையை இதில் போட்டுத்தான் கொடுக்கவேண்டுமாம். மருந்து கேட்டால் கூடு அனுப்புகிற மகராசன்கள்.

போன மாதம் சேலத்தில் கம்பெனி ஏஜெண்டு ஒருவன் இதைப் பற்றி அளந்தான். பஞ்சை திராவகத்தில் ஊறவைத்து, கற்பூரம் சேர்த்துப் பிசைந்து, குழாயாக இழுத்து, அச்சுக்குள் வைத்து நீராவி ஊதினால் உப்பி டப்பியாகிவிடுமாம்.

கூடவே ஒரு கட்டு இங்கிலீஷ் சீட்டு. ‘நெருப்பருகே வைக்காதே’ என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுக்கவேண்டுமாம். மருந்தை எவன் அடுப்பில் வைப்பான்?

ஆகஸ்ட் 9
டப்பிக்கு ஏகக் கிராக்கி. அத்தாயி வந்தாள்; புருஷன் சின்னுசாமிக்கு எட்டு நாளாகக் குளிர்காய்ச்சல், எழுந்து நடக்க முடியவில்லை. “ஏனுங்க, இது ஒடையாதுங்களா?” என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒடையாது. பத்திரமா வையி. தொலைச்சா மறுக்கா மருந்து கெடையாது” என்று அதட்டி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 17
விடாத மழை. கணப்பு மூட்ட அந்த இங்கிலீஷ் சீட்டுகள் உதவின.

ஆகஸ்ட் 22
சின்னுசாமி செத்துப்போனான். காய்ச்சலில் அல்ல. மத்தியானம் அத்தாயி மகளோடு தண்ணீருக்குப் போயிருந்தபோது வீடு பற்றிக்கொண்டது. அவனால் எழுந்து வெளியே வர முடியவில்லை.

ஆகஸ்ட் 24
போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாதம்மாள் தன் வீட்டுக்குள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். அடுப்புக்கு நேர் மேலே பரண். விதைக் கேழ்வரகு, மிளகு, உப்பு, எல்லாம் சுரைக்குடுக்கையில் கட்டித் தொங்குகின்றன. “பொகை பட்டா பூச்சி அண்டாதுங்க. பத்திரமா வைக்கோணும்னா இங்கதானுங்க வைப்போம். அத்தாயியும் அப்படித்தான் வெச்சிருந்தா.” அந்த வரிசையில் நான் கொடுத்த டப்பியும் தொங்கியது. பிடுங்கி எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன். ஒரு வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. கற்பூரம் என்று காதால் கேட்டுமா புத்தி வரவில்லை? பத்திரமாக வை என்று சொன்னதும் நான்தானே?

ஆகஸ்ட் 27
மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பினேன்: ‘மலைவாசிகளின் அஜாக்கிரதையால்.’ தூ!

அதை அனுப்பிவிட்டுத் திரும்பினால் வாசலில் அத்தாயி. “சாமி, நீங்க நம்பிக் குடுத்ததை நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். “செரி, போ” என்றேன்.

செப்டம்பர் 2
ஊர்க்கூட்டம். சின்னுசாமியின் அண்ணன் காளியண்ணன் கத்தினான்: “புருசனை எரிச்சவளுக்கு இங்க எடமில்ல. புள்ளைய உட்டுப்போட்டுப் போவட்டும்.” அத்தாயி மகள் ராமாயியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்தேன். “நெருப்புக்கிட்ட வைக்கக்கூடாதுன்னு எழுதி வந்துச்சு. நான் யாருக்கும் சொல்லல. குத்தம் என்னோடது.”

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. ஒவ்வொருவராகப் போய் டப்பிகளைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அத்தாயி ஊரில் இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

செப்டம்பர் 15
கொட்டகையில் ஈ காக்கை இல்லை. பக்கத்துப் பைல் நாட்டு ஊர்களிலிருந்தும் எவரும் வருவதில்லை. காய்ச்சல் மட்டும் குறையவில்லை. நடந்ததை நடந்தபடி மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். வேலை போகும். போகட்டும்.

காலையில் அத்தாயி வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

“மனசு ஆறி வரலீங்க. ராமாயிக்குக் குளிர்காய்ச்சல். வேற எங்க போவேன்?”

முந்தானையை விரித்துப் பிடித்தாள். மாத்திரைகளைப் போட்டேன், முடிந்துகொண்டாள். எப்போது கொடுக்கவேண்டும், எங்கே வைக்கவேண்டும் என்று ஒருதரத்துக்கு மூன்றுதரம் சொன்னேன். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.