மாடியறை யாருக்கு?

ஜூன் 3, திங்கள்

இன்றும் கட்டிலில் காரை விழுந்தது. மேலே ஆயிஷா நடந்தால் கீழே என் அறையில் மண் உதிர்கிறது. கொழுந்தன் சிராஜ் ஆயிஷாவைக் கட்டிய கையோடு துபாய்க்குப் போய்விட்டான். தனியாள் ஒருத்திக்கு அவ்வளவு பெரிய மாடியறை! நான், அவர், பையன் மூவரும் காற்றில்லாத இந்தக் கீழறையில்.

நான் வந்தபோது மாடியில் நாத்தனார் இருந்தாள். அவள் கட்டிக்கொண்டு போனதும் எனக்குத்தான் என்று இருந்தேன். "புதுப்பொண்ணுக்குத்தான்மா மாடி, நம்ம வீட்டு வழக்கம்" என்றார் மாமி. நான் புதுப்பெண்ணாக இருந்தபோது அந்த வழக்கம் எங்கே போயிருந்தது?

ஜூன் 5, புதன்

கொத்தனார் சோணை வந்து மாடித் தரையில் தண்ணீர் ஊற்றினார். நாலு பக்கத்திலிருந்தும் நடுவுக்கே ஓடியது.

"இந்த டைல்ஸ் எப்பண்ணே போட்டது?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

சிராஜ் கல்யாணத்துக்கு. பெண்வீட்டார் வரும்போது தரை குழிந்திருந்தால் மரியாதையா? அதனால் பள்ளத்தில் கான்கிரீட்டை நிரப்பி, மட்டமாக்கி, மேலே டைல்ஸ்.

"உத்திரம் ஏற்கெனவே செல்லரிச்சுக் கெடக்கு. அது தலையில இம்புட்டுப் பாரத்த ஏத்தினா?"

எல்லோரும் வெளிறிப்போய் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு. அந்த டைல்ஸைப் பார்த்து எத்தனை நாள் வயிறெரிந்திருப்பேன்! அந்த எரிச்சலின் பாரமும் சேர்ந்துதான் தரையை இறக்கிவிட்டதோ என்னவோ.

ஜூன் 7, வெள்ளி

டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, உத்திரத்துக்குப் பதில் இரும்பு கர்டர் போடவேண்டுமாம். அதுவரை என் அறை நடுவில் சவுக்குக் கட்டை முட்டு. நாங்கள் எல்லோரும் கூடத்தில்.

அவரிடம் சொன்னேன்: "வேலை முடிஞ்சா மாடி நமக்கு. நீங்க கேக்குறீங்களா, நான் கேக்கட்டுமா?"

"மொதல்ல வீடு விழாம நிக்கட்டும்" என்றார் என் புருஷன், ஜுல்பிகர் துரை. இவர் கேட்டு நான் மாடியேறி...

ஜூன் 10, திங்கள்

மாமி ஆயிஷாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். என்னிடம், "பால் பொங்குது பாரு."

ஜூன் 17, பக்ரீத்

கேட்டுவிட்டேன். கறியைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். ஆயிஷாவின் அம்மா வீட்டுக்கு என்று மாமி நல்ல துண்டுகளாகப் பொறுக்கினார். அதைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை.

"மாமி, தரை சரியானதும் மாடி எனக்கு வேணும்."

"நல்ல நாளும் அதுவுமா உனக்கும் பங்கு கேக்குறியா?"

"நேத்து வந்தவளுக்குக் குடுப்பீங்க. எனக்கு எப்ப, என் மௌத்துக்கா?"

நல்ல நாளில் சாவைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆயிஷா அழுதுகொண்டே எழுந்து போனாள். என்ன நடிப்பு என்றுதான் அப்போது தோன்றியது.

சாயங்காலம் அவளே அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு அந்த ரூமே வேணாம். சுவரோரமா ஒட்டிக்கிட்டேதான் படுத்திருந்தேன். நடுவுல கால வச்சா, கீழ நீங்களும் பையனும் இருக்கீங்களேன்னு பதறும். புதுசா வந்தவ, வீடு சரியில்லன்னு எப்படிச் சொல்றது? இப்ப மாமி பக்கத்துல படுத்த பெறகுதான் தூக்கமே வருது."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு எதைப் பிடித்துக்கொண்டது? மாமி பக்கத்துலயாம்ல!

ஜூன் 29, சனி

கர்டர் ஏறிவிட்டது. டைல்ஸ் வேண்டாம், லேசான சிமெண்ட் பூச்சு போதும் என்றார் சோணை. மாமி முகம் பார்க்காமல் சாவியை நீட்டினார். "போ, உனக்குத்தான்." வாங்கிக்கொண்டேன். ஏன் விடவேண்டும்?

ஜூலை 7, ஞாயிறு

மாடிக்கு வந்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் காற்று ஆளைத் தூக்குகிறது. பையன் குதியோ குதி என்று குதிக்கிறான், தரை அசையவில்லை. சாப்பிட்டுவிட்டு அவர் குறட்டை விடுகிறார்.

கீழே, என் பழைய அறையில், மாமியும் ஆயிஷாவும் சிரிக்கிறார்கள். மாமி இப்போது அங்கேதான் படுக்கை. நான் இருந்தபோது அந்த வாசற்படி மிதித்ததுண்டா? அப்படி என்ன பேச்சு? என்னைப் பற்றியா?

தண்ணீர் எடுக்கிற சாக்கில் இறங்கிப் போனேன். "என்னம்மா, மாடி குளுகுளுன்னு இருக்கா?" என்றார் மாமி. நல்லபடியாகத்தான் கேட்டார். "இருக்கு மாமி" என்றேன். உட்காரச் சொல்வார் என்று கொஞ்சம் நின்றேன். சொல்லவில்லை.

மறுபடியும் சிரிக்கிறார்கள். குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. இனி என்ன சாக்குச் சொல்லி இறங்குவது?