பொட்டு வைத்த ஸ்டேரிங்

இன்று காலை ஈப்போவில் ஒரு பட்டறையில் டயர் மாற்றக் காத்திருந்தேன். மேசைமேல் பழைய கார் ஒன்றின் ஸ்டேரிங் மட்டும் தனியாகக் கிடந்தது. மெல்லிய, பெரிய வட்டம், நடுவே ஓட்டை. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். உடனே உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது. நீ போய் மூன்று வருடமாகிறது. எனக்கு இன்னமும் பேச்சுத்துணை நீதான்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி, என் மனைவி நீ பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி. நான் அப்போது பேனாவைத் தவிர வேறு எதையும் உருப்படியாகப் பிடித்தறியாதவன். கார் உன்னுடையது, ஓட்டுவதும் நீ. இடப்பக்கம் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பதுதான் என் உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய்.

எழுபதுகளின் கடைசி. ஒரு மாலை ஹார்ன் ஊமையாகிவிட்டது. நம் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனுக்கு ஏறும் மலைவளைவில் ஒரு வண்டிக்குத்தான் இடமுண்டு. ஹார்ன் அடித்துப் பார்த்து, மேலிருந்து பதில் வராவிட்டால்தான் ஏறவேண்டும். அந்த டிவிஷனில்தான் பால்மரம் வெட்டும் முனியாண்டியின் மனைவி நிறைமாதமாக இருந்தாள். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். இந்த முறை உன்னைத்தான் நம்பியிருந்தாள். தோட்டத்து வேன் பழுதாகிக் கிடந்தது. டவுன் மெக்கானிக்கோ இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன் என்றுவிட்டார்.

மறுநாள் எனக்கு லீவு. காலையிலேயே காரோடு வந்த கையேட்டை மடியில் விரித்து உட்கார்ந்துவிட்டாய். பேட்டரியிலிருந்து நேராக ஒயரைக் கொடுத்ததும் ஹார்ன் அலறியது. அப்படியானால் கோளாறு ஸ்டேரிங்குக்குள் என்றாய். அதையே கழற்றப் போகிறேன் என்றாய். நீ பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, நடுவிலிருந்த ஹார்ன் பித்தானை நெம்பி, உள்ளே இருந்த பெரிய நட்டைத் தளர்த்தினாய். முழுக்கக் கழற்றிவிடலாமே என்று நான் மேதாவித்தனம் காட்டினேன்.

"நாலு மரை விட்டு வைக்கணுங்க. இழுக்கிற இழுப்புல ஸ்டேரிங் படக்குன்னு வந்துச்சுன்னா, மூஞ்சில அடிச்சுப் பல்லு போயிரும்."

ஸ்டேரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டித் தளர்த்தி, பிறகு நட்டைக் கழற்றி எடுத்தாய். அடியில் ஹார்னுக்குக் கரண்ட் கடத்தும் பித்தளை வளையம் பச்சை பூத்திருந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாய். என்னிடம் மண்ணெண்ணெய்த் துணியைக் கொடுத்து, பழைய கிரீஸைத் துடைக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாய்.

ஸ்டேரிங் மாட்டியிருந்த தண்டின் நுனியில் சாந்து ஒரு புள்ளி. ஸ்டேரிங்கின் நடுவிலும் ஒரு புள்ளி. நீ குனிந்தபோது நெற்றிப் பொட்டு ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மனைவியின் பொட்டு கிரீஸில் கிடக்கலாமா என்று, ரொம்பப் பிரியமாகத்தான் துடைத்தேன்.

நீ வந்து தண்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.

"அது அடையாளத்துக்கு வச்சதுங்க. ரெண்டு பொட்டும் நேரா வந்தாத்தான் ஸ்டேரிங் நேரா நிக்கும்."

நான் வாயைத் திறக்குமுன் முனியாண்டி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வலி கண்டுவிட்டது. நீ திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நீயோ இறங்கிப் போய் முன்சக்கரங்களைப் பார்த்தாய், திரும்பி வந்து கண்மதிப்பில் ஸ்டேரிங்கை அழுத்தினாய், நட்டை இறுக்கினாய். அது தண்டின் பற்களில் ஒரு பல் விலகி, கோணலாகத்தான் உட்கார்ந்தது.

"இருந்துட்டுப் போவுதுலா. நான் ரோட்டப் பாத்துத்தானே ஓட்டுறேன்."

ஒயரை மாட்டிப் பித்தானை அழுத்தினாய். ஹார்ன் பேசியது. முனியாண்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வளைவில் நீ அடித்ததும் மேலிருந்து ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி பதில் கொடுத்தது. புல்லோரம் ஒதுங்கி நின்றாய். லோரி நம் கண்ணாடியை உரசாத குறையாக இறங்கிப் போனது. ஹார்ன் இல்லாமல் ஏறியிருந்தால் அந்த வளைவிலேயே மோதியிருப்போம். நீ அந்த லோரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் குடியிருந்த லயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியிலிருந்து என்னை ஊற்றச் சொன்னாய். முழங்கைவரை சவுக்காரம் போட்டாய், நகத்துக்குள்ளிருந்த கிரீஸைப் பிரஷ்ஷால் தேய்த்தாய், மறுபடியும் சவுக்காரம். கை சிவந்து போனது. இன்னும் ஊற்றுங்க என்றாய். அரைமணிக்கு முன்னால் நட்டு முடுக்கிய விரல்கள். அவற்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டு ஊற்றினேன்.

உள்ளே போனாய். முனியாண்டி வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்துக் குழந்தை அழுதது. அவனும் அழுதான். நான் அழவில்லை, வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தேன்.

அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். தண்ணீர் ஊற்றினேன் என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உன் கைகளுக்கு ஊற்றியவன் நான்.