புளி போட்டுத் தேய்த்த டோக்கன்

11 ஜனவரி 1998, ஞாயிறு

அலுப்பாக இருக்கிறது. பழைய டோக்கன்கள் சேர்க்கலாமென்று போன வாரம் நடைபாதையில் முதலாவதாக ஒன்று வாங்கினேன். ஏதோ மில் கேன்டீனில் சாப்பாட்டுக்குக் கொடுத்த பித்தளை வில்லை. நன்றாகத் தேய்ந்திருந்ததால் மலிவாகக் கிடைத்தது. பொறித்த பள்ளத்தில் படிந்த கறுப்பால்தான் அதன் எண்ணே தெரிந்தது.

இன்று சரோஜினி நகர் மார்க்கெட் போய்த் திரும்பினால், பொங்கலுக்காகப் பாத்திரம் தேய்த்த என் மனைவி அதையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். கறுப்போடு எண்ணும் போய்விட்டது.

"அழுக்கா கிடந்துதேங்க. பாருங்க, எப்படி மின்னுது!"

"இதை எதுக்கு எடுத்தே?"

"உங்களுக்குன்னு நீங்க ஆசையா வாங்கினது இது ஒண்ணுதானே?"

சிவந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அச்சா, நல்லா இருக்கு" என்றேன்.

சாமி விளக்கின் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கும்பிடும்போதெல்லாம் அதைப் பார்த்தாக வேண்டும்.